உப்புத்தாளின் கோடு

கம்பம் பள்ளத்தாக்கில் கத்தி பிடித்துப் பிழைக்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. வாழைத்தார் வெட்டுகிறவர், திராட்சைக்குக் கவாத்து பண்ணுகிறவர், இளநீர் சீவுகிறவர், கறிக்கடைக்காரர் என்று தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் பார்ப்பது கத்தியின் விளிம்பை. கத்தியின் முகத்தைப் பார்த்த ஒரே மனிதர், சின்னமனூரில் என் வாழைக்காய் மண்டியில் சீப்பு அறுக்கிற உப்புத்தாள்தான். இதைப் பந்தயம் கட்டிச் சொல்வேன். நான் கட்டிய பந்தயத்தில் இதுவரை தோற்றதில்லை.

உப்புத்தாள் என்பது மர ஆசாரியும் பெயின்டரும் வைத்துத் தேய்க்கிற சொரசொரத் தாள். அதுவே அந்த மனிதருக்குப் பெயராகிவிட்டது. தாய் தகப்பன் வைத்த பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் ஆதார் அட்டையிலும் பத்திரமாக இருக்கிறது. அதை எடுத்துப் புழங்க யாருக்கும் அவசியம் வரவில்லை.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அதற்குமேல் படித்திருந்தால் யாரிடமாவது வேலைக்குப் போயிருப்பேன். படிக்காததால் தலையில் தார் சுமந்து, தள்ளுவண்டி வைத்து, கமிஷன் கடை வைத்து, இன்றைக்கு மூன்று லாரி நிற்கிற மண்டிக்கு முதலாளியாக இருக்கிறேன். தாரைக் கையில் தூக்கினால் போதும், எடை சொல்லிவிடுவேன். தராசு சில நாள் தப்பாகக் காட்டும்; நான் காட்டியதில்லை.

இப்பேர்ப்பட்ட நான், ஒரு மனிதரின் கண் போகப் பார்த்ததற்குக் காரணமாக இருந்தேன். உப்புத்தாளின் வலது கண் அது. பாதிக் காரணம் நோய். மீதிப் பாதி, நானும் மண்டிக்கு வந்துபோகிறவர்களும் அவரிடம் இரண்டு வருடமாகச் சொல்லிவந்த ஒரே ஒரு பொய். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கத்தியிலிருந்து ஆரம்பிக்கிறேன். என் முதல் லாரிக்குக் குமுளி மலைப்பாதையில் ஒரு நாள் பட்டை முறிந்தது. சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைந்து சுமை தாங்குகிற இரும்புக்குப் பட்டை என்று பெயர். முறிந்த துண்டை எடைக்குப் போடப் போனபோது உப்புத்தாள் குறுக்கே வந்து நின்றார்.

"மொதலாளி, இதுல ஒரு சாண் எனக்கு வேணும்."

"எதுக்குப்பா?"

"இரும்பு நல்லாருக்கு."

அவ்வளவுதான் விளக்கம். கொல்லுப்பட்டறையில் கொடுத்து ஒரு கத்தி அடித்து வாங்கி வந்தார். பார்க்க ஒன்றும் விசேஷமில்லை. கரிச்சட்டி நிறத்தில், சுத்தியல் அடி பட்ட பள்ளங்களோடு, அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் சாக்கை விரித்து உட்கார்ந்தார். சிரட்டையில் தண்ணீர், மடியில் கத்தி, கையில் எண்பதாம் நம்பர் உப்புத்தாள். தேய்க்க ஆரம்பித்தார்.

இந்த வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. நூறு தடவை கேட்டு எனக்கே மனப்பாடம். எண்பதாம் நம்பர் தாளைக் கத்தியின் நீளவாக்கில் தேய்க்க வேண்டும். அடுத்து நூற்றிருபது, அதைக் குறுக்குவாக்கில். குறுக்குக் கோடு வந்து நீளக் கோட்டை முழுசாகத் தின்ற பிறகுதான் அடுத்த நம்பர். அப்புறம் தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற வாட்டர் பேப்பர். நானூறு, அறுநூறு, ஆயிரம், இரண்டாயிரம் என்று நம்பர் ஏற ஏறத் தாள் மெத்தென்று ஆகும். இரண்டாயிரத்துக்கு மரக்கட்டை ஆகாது, விரல்தான். கடைசியில் பழைய வேட்டித் துணியில் பித்தளை விளக்குகிற பசை. நடுவில் எங்கேயாவது பழைய தாளின் கோடு ஒன்றே ஒன்று தப்பிப் பிழைத்து நின்றால், அந்தக் கோடு எந்தத் தாளைச் சேர்ந்ததோ அந்தத் தாளுக்கே திரும்பிப் போக வேண்டும். ஆயிரத்தில் இருக்கிறவர் எண்பதுக்கு இறங்க வேண்டியதுதான். மன்னிப்பெல்லாம் கிடையாது.

"யாருப்பா பாக்கப் போறா, விட்டுரு" என்று ஒரு நாள் சொன்னேன்.

"கோடு பாக்குமே மொதலாளி" என்றார்.

ஒரு வருடம் ஆயிற்று. முடித்துவிட்டார். பொய் சொல்லவில்லை, கத்தியைப் பிடித்தால் முகம் தெரிந்தது. கண்ணாடியில் தெரிவதைவிட நான் அதில் நன்றாகவே இருந்தேன். மண்டியில் லோடு ஏற்றுகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் தலை சீவினார்கள். தேனி பஸ்ஸில் இதைத் துணியில் சுற்றி எடுத்துப் போனபோது கண்டக்டர், "என்னண்ணே அருவாளா? எறங்குங்க" என்று விசில் ஊதிவிட்டாராம். துணியைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். பின்சீட்டில் இருந்த ஓர் அம்மா அதை வாங்கி நெற்றிப் பொட்டைச் சரிசெய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். கண்டக்டரும் மீசையைப் பார்த்துக்கொண்டு, சரி உட்காருங்கள் என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கத்தியை வைத்து அவர் ஒரு வாழைச்சீப்புகூட அறுத்ததில்லை. வாழைக்கறை பட்டால் இரும்பு கறுத்துப் போகும். அறுப்பதற்கு வேறு ஒரு கத்தி வைத்திருந்தார், துருப்பிடித்தது.

"அப்ப இது எதுக்குப்பா?"

"இது கத்தி மொதலாளி. அது சாமான்."

இதற்குமேல் கேட்டு என்ன ஆகப்போகிறது?

இப்படிச் சும்மா போய்க்கொண்டிருந்த கதையில்தான் கோடு வந்தது. ஒரு நாள் முற்பகல். கோட்டயத்துக்கு நேந்திரங்காய் லோடு ஏறிக்கொண்டிருந்தது. உப்புத்தாள் கத்தியோடு என்னிடம் வந்தார்.

"மொதலாளி, இங்கன பாருங்க. கோடு தெரியுதா?"

"எங்கப்பா?"

"நடுவுல. மேகம் மாதிரி ஒண்ணு இருக்குல்ல? அதுக்குள்ள."

பார்த்தேன். என் கண் கழுகுக் கண். மேகமும் இல்லை, கோடும் இல்லை. இல்லை என்றேன்.

"வெயிலுக்குத் திருப்பிப் பாருங்க."

திருப்பினேன். இல்லை.

"சாச்சுப் பாருங்க. அப்படி இல்ல, இப்படி. ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாருங்க."

நாற்பது நிமிடம் போனது. டிரைவர் ஹாரன் அடித்தார். கூலியாட்கள் தாரைத் தோளில் வைத்தபடி, இறக்குவதா ஏற்றுவதா என்று நின்றார்கள். நான் வாழ்க்கையில் வீணாக்கிய மொத்த நேரத்தையும் கூட்டினால் அந்த நாற்பது நிமிடம் வராது.

மறுநாளும் வந்தார். "கோடு தெரியுதா மொதலாளி?"

நான் வியாபாரி. ஒரு தடவை பட்டால் போதும். "தெரியுதுப்பா" என்றேன், தலையை நிமிர்த்தாமலே.

"நல்லாத் தெரியுதா?"

"பளிச்சுன்னு தெரியுது."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா" என்று பெருமூச்சு விட்டுச் சாக்குக்குப் போய்விட்டார். ஒரு வருட உழைப்பில் குறை இருக்கிறது என்று சொன்னதற்குச் சந்தோஷப்பட்ட மனிதரை அன்றுதான் பார்த்தேன். என்ன பிறவியோ என்று நினைத்துக்கொண்டு பில் போட உட்கார்ந்தேன்.

பிறகு இது மண்டியின் வழக்கமாகிவிட்டது. கையில் கத்தியோடு ஒருவர் வந்து கோடு தெரிகிறதா என்று கேட்டால், தெரிகிறது என்று சொல்வதுதான் நல்லது என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. சொன்னவர் உடனே தப்பினார். இல்லை என்றவர் அரைமணி நேரம் வெயிலில் நின்றார். புதிதாக வருகிறவர்களுக்குக் கூலியாட்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவார்கள்: "கேட்டா ஆமான்னு சொல்லிருங்கண்ணே." கேரளாவிலிருந்து வருகிற லாரி டிரைவர், வண்டியை நிறுத்துகிறபோதே, "உண்டு சேட்டா, நல்லோணம் உண்டு" என்று சத்தம் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார். திருவிழாவுக்கு நன்கொடை கேட்டு வந்த பங்குச் சாமியாரிடமும் கத்தி நீட்டப்பட்டது. அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இருக்கு. ஜெபிச்சுக்கிடுவோம்" என்றார். சாமியாரே சொன்ன பிறகு யார் என்ன சொல்ல முடியும்?

இதில் எதிர்வரிசை டீக்கடைக்காரர் ஒரு வேலை செய்தார். அவருக்கு எதிலும் ஒரு படி மேலே நிற்க வேண்டும். உப்புத்தாள் கேட்டதும், "ஒண்ணு இல்லண்ணே. ரெண்டு தெரியுது" என்றார்.

இது என் காதில் விழுந்தது. ஒரு டீக்கடைக்கு இரண்டு கோடு தெரிந்தால், மூன்று லாரி வைத்திருக்கிறவனுக்கு எத்தனை தெரிய வேண்டும்? நான் உள்ளேயிருந்தே சத்தம் போட்டேன்: "நல்லாப் பாருய்யா, மூணு இருக்கு!"

அன்றைக்கு உப்புத்தாள் இரண்டாயிரத்திலிருந்து நேரே எண்பதுக்கு இறங்கினார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

இப்போது திரும்பிப் பார்த்தால் அடையாளங்கள் வரிசையாக நின்றிருக்கின்றன. என் மகன் கல்யாணத்துக்கு நண்பர்கள் மண்டி வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸ் வைத்தார்கள். நான் கைகூப்பி நிற்கிற படம். கல்யாணம் முடிந்தும் அதை எடுக்கவில்லை, நன்றாக இருந்தது. உப்புத்தாள் காலையில் வந்ததும் அதற்கு, "கும்பிடுறேன் மொதலாளி" என்று ஒரு கும்பிடு போடுவார். என் படத்துக்கே இவ்வளவு மரியாதையா என்று எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஒரு தடவை இரண்டு நாள் ஆளைக் காணோம். வந்தவரிடம், சொல்லாமல் எங்கே போனாய் என்று சத்தம் போட்டேன்.

"ஒங்ககிட்டதானே லீவு கேட்டேன் மொதலாளி? வாசல்ல நின்னீக. சிரிச்ச முகமா இருந்தீக. சரிங்குறாகன்னு போயிட்டேன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? படம் எடுத்த போட்டோகிராபரைக் கூப்பிட்டு, அச்சு அசலாக எடுத்திருக்கிறாய் என்று பாராட்டினேன்.

உப்புத்தாள் டீயைத் தம்ளருக்கு வெளியே ஊற்றினார். கை நடுக்கம் என்றோம். செவ்வாழைச் சீப்பை அறுக்கையில் பழத்தோடு சேர்த்து அறுத்தார். துருப்பிடித்த கத்தி என்றோம். கண் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மயிரிழை மாதிரி ஒரு கோட்டை நாள் முழுக்கத் தேடுகிற மனிதருக்குக் கண் சரியில்லை என்று யார் நினைப்பார்?

கண்டுபிடித்தது ரேஷன் கடை மிஷின்.

வழக்கமாக ரேஷனுக்குப் போகிறவர் அவர் வீட்டம்மாதான். அந்த மாதம் அந்த அம்மாவுக்குக் காலில் சுளுக்கு. உப்புத்தாள் போனார்; அரிசி இல்லாமல் திரும்பி வந்தார். விரல் ரேகை விழவில்லையாம். இந்த ஊரில் என்னால் ஆகாத காரியம் கிடையாது. வாய்யா பார்ப்போம் என்று கூட்டிக்கொண்டு போனேன்.

கடையில் இருந்த பெண் பொறுமையாகத்தான் பேசியது. "அண்ணே, வெரலத் தொடச்சிட்டு வைங்க."

வைத்தார். மிஷின் கீங் என்றது. அடுத்த விரல். கீங். பத்து விரலும் வைத்தாயிற்று. தாளை அழுத்தி அழுத்தி மூன்று வருடம் தேய்த்ததில், கத்தியோடு சேர்ந்து அவர் விரலும் இரண்டாயிரம் நம்பருக்குப் போயிருந்தது. மொழுமொழுவென்று, ஒரு ரேகை இல்லை.

"ஆளே இல்லங்குதுண்ணே."

"ஆளு இங்கன நிக்கிறாரேம்மா" என்றேன். "நான் சொல்றேன்ல? என்னைய ஒனக்குத் தெரியும்ல?"

"ஒங்கள எனக்குத் தெரியும்யா. மிஷினுக்குத் தெரியணுமே."

விரல் இல்லாவிட்டால் கருவிழி என்றது அந்தப் பெண். பைனாகுலர் மாதிரி ஒரு கருவியை எடுத்து அவர் கண்ணில் வைத்தது. இடது கண்ணை மிஷின் கொஞ்சம் யோசித்து ஏற்றுக்கொண்டது. அரிசி கிடைத்துவிட்டது. வலது கண்ணை மட்டும், எத்தனை தடவை வைத்தாலும் வேண்டாம் என்றது. அந்தப் பெண் கருவியை எடுத்துவிட்டு அவர் முகத்தருகே குனிந்து பார்த்தது.

"அண்ணே, இந்தக் கண்ண யாருகிட்டயாச்சும் காட்டுனீகளா? தேங்காப்பால் ஊத்துன மாதிரி இருக்கு."

நானும் பார்த்தேன். எத்தனையோ வருடம் தினமும் பார்க்கிற முகம். கருவிழி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக இருந்தது. அவர் நீட்டிய கத்தியைத்தான் பார்க்காமல் தப்பித்தோம் என்று நினைத்திருந்தேன். நீட்டிய ஆளையும் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டிருந்தார்கள். அரிசிப் பையோடு அங்கேயே இழுத்துப் போனேன். டாக்டரம்மா லைட் அடித்துப் பார்த்துவிட்டு ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்: "ரெண்டு கண்ணுலயும் புரை. வலது கண்ணுல முத்திப் போச்சு. இப்படியே விட்டா உள்ள அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுரும். அப்புறம் ஆபரேஷன் பண்ணாலும் பார்வை திரும்பாது. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு மதுரைக்கு எங்க வண்டி போகுது. வந்துருங்க."

உப்புத்தாள் மரியாதையாகத் தலையாட்டினார். வெளியே வந்ததும் சொன்னார்: "கண்ணுல ஒண்ணுமில்ல மொதலாளி. கத்தியிலதான் கோடு. ஊரே சொல்லுது. நீங்களே மூணு சொன்னீகள்ல?"

அரிசிப் பையை அவர் கையில் கொடுத்தேன். சரி, காலையில் வீட்டம்மா சொன்னால் கேட்பார் என்று போய்விட்டேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அந்த அம்மா நொண்டிக்கொண்டே மண்டிக்கு வந்துவிட்டது. பின்னால் பார்த்தால், உப்புத்தாள் சாக்கில் உட்கார்ந்து எண்பதாம் நம்பரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

"நீங்கதான்யா சொல்லணும்" என்றது அந்த அம்மா. "நான் சொன்னா, ஒனக்குக் கத்தியப் பத்தி என்ன தெரியுங்குறாக. என் மூஞ்சியவே அவுகளுக்குத் தெரியலையே! போன வாரம் எங்கக்கா வந்திருந்தா. அவள நான்னு நெனச்சுக் கொழம்புல உப்பு இல்லன்னு வஞ்சாக. அவ அழுதுக்கிட்டே பஸ் ஏறிட்டா. அந்தோணியாரே, இந்த மனுசனுக்குக் கண்ணு போனா நான் என்ன செய்வேன்?"

நான் யாரிடமும் தோற்று நின்றதில்லை. அதிகாரியிடம், போட்டி மண்டிக்காரரிடம், எவரிடமும். சாக்குக்கு முன்னால் போய் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பழக்கமில்லாத வேலை.

"யப்பா, கோடு இல்லப்பா."

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "மூணு சொன்னீக."

"சொன்னேன். பாக்கல."

"பளிச்சுன்னு தெரியுதுன்னீக."

"லோடு ஏத்துற அவசரம்யா. தெரியுதுன்னு சொன்னா விட்டுருவேன்னு சொன்னேன். மொத நாளு பாத்தேன், அன்னைக்குக் கோடு இல்ல. அதுக்கப்புறம் ஒரு நாள்கூட நான் பாக்கவே இல்ல."

கை நின்றது. டீக்கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நானும் பாக்கலண்ணே. ரெண்டுன்னு சும்மா சொன்னேன்" என்றார். கூலியாட்கள் ஒவ்வொருவராக வந்து நின்று, நானும்தான், நானும்தான் என்றார்கள். கோர்ட்டில் குற்றவாளிக் கூண்டு மாதிரி இருந்தது. கேரள டிரைவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். எடுத்ததும் அவர், "உண்டு சேட்டா, உண்டு" என்றார் பழக்கத்தில். விஷயத்தை விளக்கிச் சொன்னேன். பிறகு, "ஞான் நோக்கியிட்டில்ல சேட்டா. க்ஷமிக்கணும்" என்றார்.

உப்புத்தாள் கத்தியைத் துடைத்தார். துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கண்ணுல மேகம் எறங்குன அன்னைக்கே எனக்குச் சந்தேகந்தான் மொதலாளி" என்றார். "கத்தியா, கண்ணான்னு தெரியல. அதான் ஒங்ககிட்டக் கேட்டேன். நீங்க இல்லன்னதும் நெஞ்சு அடைச்சுப் போச்சு. மறுநாள் கோடு இருக்குன்னீக. அப்பாடா, கத்திதான்னு நிம்மதியாப் போனேன். விடிஞ்சா திரும்பவும் சந்தேகம் வரும். திரும்பக் கேப்பேன். நீங்க எல்லாரும் இருக்குன்னு சொல்லுவீக."

கூலியாட்கள் தலைத்துண்டை அவிழ்த்தார்கள்.

"எங்கய்யாவுக்கு ரெண்டு கண்ணும் அவிஞ்சு போச்சு. கடைசி பதினோரு வருசம் என் தோளப் புடிச்சுத்தான் நடந்தாரு. கண்ணு தெரியாதவன எந்த மண்டியில சீப்பு அறுக்க வச்சுக்குவாக?"

நான் வைத்துக்கொள்வேன் என்று சொல்ல வாய் வந்தது. "வண்டி பத்து மணிக்குய்யா. ஏந்திரி" என்று சத்தம்தான் போட முடிந்தது. டீக்கடைக்காரர் ஒரு கை, நான் ஒரு கை பிடித்தோம். அவரே எழுந்துவிட்டார், எங்கள் பிடி தேவைப்படவில்லை. ஆனாலும் பள்ளிக்கூடம் வரை விடவில்லை.

ஒரு வாரம் கழித்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மதுரையிலிருந்து நேரே மண்டிக்குள் வந்தார்; அவர் வீட்டம்மா அங்கே காத்திருந்தது. கண்ணாடியைக் கழற்றி முதலில் தன் வீட்டம்மாவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "எளைச்சுட்டியே" என்றார். அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மொதலாளி, மீசைக்கு மை அடிக்கிறீகளா?"

ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். இத்தனை வருடத்தில் என் முகத்துக்கு நேரே சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அப்புறம் கத்தியைப் பிரித்தார். வெயிலுக்குத் திருப்பினார், சாய்த்தார்.

"ஏலே! என்னடா இது, ஏரு உழுத மாதிரி கெடக்கு!"

புரை விழுந்த கண்ணோடு இரண்டு வருடம் தேய்த்தால் வேறு எப்படி இருக்கும்? கத்தி முழுக்கக் கோடு. நீளத்தில், குறுக்கில், எண்பதாம் நம்பர், நூற்றிருபது, எல்லாச் சாதியும் இருந்தது. ஓரத்தில் அப்பளம் மாதிரி மெலிந்து போயிருந்தது. நாங்கள் இருக்கிறது இருக்கிறது என்று பொய் சொல்லச் சொல்ல, கோடு உண்மையாகவே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒருவராவது ஒரு நாள் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அவருக்கு வருத்தமே இல்லை. ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். தொலைந்துபோன ஆடுகள் திரும்பி வந்த மாதிரி ஒரு சிரிப்பு. "பன்னெண்டு மொதலாளி! பன்னெண்டு கோடு! தெரியுதா பாருங்க."

நான் சாக்கில் உட்கார்ந்தேன். லோடு பாட்டுக்கு ஏறட்டும் என்று கத்தியை வாங்கி, வெயிலுக்குத் திருப்பி, ஒரு கண்ணை மூடி, நிதானமாக எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன்.

"ஒம்பதுதான்யா தெரியுது."

உப்புத்தாள் கத்தியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப நீங்களும் ஒருக்கா கண்ணக் காட்டிருங்க மொதலாளி" என்றார்.

போன வாரம் அவருக்கு இடது கண்ணில் ஆபரேஷன். துணைக்கு நான் போனேன். என் கண்ணைக் காட்டப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். அதையும் காட்டினேன். ஒன்றுமில்லை, கொஞ்சம் பவர் ஏறியிருக்கிறது, வயசு என்றார்கள். மற்றபடி கழுகுக் கண்தான்.

சேர்க்கிற இடத்தில் ஒரு பெண் படிவம் கொடுத்தது. துணைக்கு இருப்பவர் பெயர், நோயாளிக்கு என்ன உறவு என்று இரண்டு கோடு போட்ட இடம். முதலாளி என்று எழுதலாமா என்று கேட்டேன். அது உறவில் வராதுங்கய்யா என்றது. உப்புத்தாள் உள்ளே சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி, அண்ணன் என்று எழுதினேன்.

அந்தப் பெண் அவர் பெயரைப் பார்த்தது, அதில் ஒரு புனிதர் இருக்கிறார். என் பெயரைப் பார்த்தது, அதில் எங்கள் குலசாமி இருக்கிறது.

"கூடப் பொறந்தவுகளாய்யா?"

"ஆமாத்தா" என்றேன்.

பொய்தான். இதைத் திருத்துவதாக இல்லை.